இங்கிலாந்தில் டாட்டூ கடைக்கு இடம் பார்க்கிறீர்களா? லீஸில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

டாட்டூ கடை போட நினைப்பவர்கள் மெஷின், இங்க், நாற்காலி, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். இடத்தை மட்டும் ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கடை காலியாகிறது, வாடகை கட்டுப்படியாகிறது, ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார், கையெழுத்து விழுகிறது. மூன்று மாதம் கழித்து கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கடிதம் வராமலிருக்க. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு உரியது. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் வேறு சட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கவுன்சிலில் உங்களுக்கு வேலை இரண்டு துறைகளில். "இந்தக் கட்டடத்தில் டாட்டூ கடை நடத்தலாமா?" என்று பார்ப்பது பிளானிங் துறை. "நீங்கள் சுத்தமாக, பாதுகாப்பாகக் குத்துகிறீர்களா?" என்று பார்ப்பது சுற்றாடல் சுகாதாரத் துறை, சில கவுன்சில்களில் லைசன்சிங் துறை. ஒரு துறை சரி என்றால் மற்றதும் சரி என்று அர்த்தமில்லை. சுகாதார அதிகாரி வந்து பார்த்து, கையுறை பெட்டியைப் பாராட்டி, பதிவுச் சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போகலாம். அதே கவுன்சிலின் பிளானிங் அதிகாரி அடுத்த வாரமே கடையை நிறுத்தச் சொல்லலாம். இரண்டுமே சட்டப்படி சரி. இவர்களோடு கட்டட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

எனவே வரிசை முக்கியம்: முதலில் பிளானிங், அப்புறம் லீஸ், அதன் பிறகு உள்வேலை, கடைசியில் பதிவு. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதல் வேலை: கடை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்

இங்கிலாந்தில் கட்டடங்களின் பயன்பாட்டை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடிப்படை ஆணை 1987ஆம் ஆண்டினுடையது. 2020 செப்டம்பர் 1 அன்று அதைப் பெரிதாக மாற்றி, கடை, உணவகம், அலுவலகம், கிளினிக், ஜிம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் 'ஈ' என்ற ஒரே வகுப்பில் போட்டுவிட்டார்கள். அந்த வகுப்புக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பொதுவாக பிளானிங் அனுமதி வேண்டாம். மளிகைக் கடையைக் காபிக் கடையாக்கலாம். முடி திருத்தும் கடையும் இந்த வகுப்புதான்.

டாட்டூ கடை? ஆணையில் அந்தப் பெயரே இல்லை. சிக்கல் முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது. எந்த வகுப்பிலும் சேராத பயன்பாடுகளை 'சூயி ஜெனரிஸ்' என்பார்கள். பப் (உட்கார்ந்து மது அருந்தும் இடம்), பந்தயக் கடை, சூடான டேக்அவே, லாண்டரெட் போன்றவை இந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. டாட்டூ கடை பெயரோடு இல்லாவிட்டாலும், பெரும்பாலான கவுன்சில்கள் அதையும் இந்த வகையாகவே பார்க்கின்றன. அப்படியானால் சாதாரணக் கடையை டாட்டூ கடையாக்குவது 'பயன்பாட்டு மாற்றம்'. அதற்கு முழு பிளானிங் அனுமதி தேவை.

எதிர்வாதமும் உண்டு. 'ஈ' வகுப்பின் ஒரு பிரிவு, வணிகப் பகுதியில் இருப்பதற்குப் பொருத்தமான, பொதுமக்கள் நேரில் வந்து பெறும் மற்றச் சேவைகளையும் சேர்த்துக்கொள்கிறது. டாட்டூ அப்படியொரு சேவை இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், என்னைக் கேட்டால் சட்டம் இதை 2020லேயே தெளிவாக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் கடையைத் திறந்துவிடாதீர்கள். எழுத்தில் பதில் வாங்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஏஜென்ட் விளம்பரத்தில் "கிளாஸ் ஈ, எந்தத் தொழிலுக்கும் ஏற்றது" என்று இருந்தால் உங்களைப் பொறுத்தவரை அதற்கு மதிப்பு இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்கு டாட்டூ கடையின் தனி நிலைமை தெரியாமலிருக்கலாம்.

இரண்டாவது: கட்டடத்தின் பழைய கதையைத் தோண்டுங்கள்

எல்லாக் கவுன்சிலின் இணையதளத்திலும் பிளானிங் விண்ணப்பங்களைத் தேடும் பக்கம் இருக்கிறது. போஸ்ட்கோடைப் போட்டால் அந்தக் கட்டடத்துக்கு வந்த விண்ணப்பங்கள், அனுமதிகள், மறுப்புகள் வரும். காசு கிடையாது, அரை மணி நேர வேலை. பார்க்க வேண்டியவை இவை:

பழைய அனுமதியில் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா? "கடையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்", "இரவு 8 மணிக்கு மேல் திறக்கக்கூடாது" போன்ற வரிகள் இருபது வருடத்துக்கு முந்தைய அனுமதியில் கிடக்கும். அவை இன்றும் செல்லும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா, அல்லது பழமை பேணும் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியலில் உள்ள கட்டடத்துக்குள் சுவரைத் தட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டியிருக்கும். அதே தெருவில் வேறு டாட்டூ கடைக்கு வந்த விண்ணப்பம் இருந்தால் அதிகாரியின் அறிக்கையை முழுசாகப் படியுங்கள். உங்கள் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அந்த இடம் ஏற்கெனவே டாட்டூ கடையாக இருந்ததென்றால் மகிழ்ச்சிதான், ஆனால் காகிதத்தைக் கேளுங்கள். அனுமதி பொதுவாக இடத்தோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. பழையவர் அனுமதி வாங்கி நடத்தியிருந்தால் உங்களுக்கும் அது பயன்படும். அனுமதி இல்லாமல் நடத்தியிருந்தால் அவருடைய பிரச்சினை உங்கள் தலையில் விழும். அனுமதியில்லாத பயன்பாட்டு மாற்றத்தின் மீது கவுன்சில் 10 ஆண்டுகள் வரை நடவடிக்கை எடுக்கலாம். "ஆறு வருஷமா நடக்குது, யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்பது பதிலாகாது.

மூன்றாவது: எழுத்தில் பதில் வாங்குங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன.

எளிமையானது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனை. பல கவுன்சில்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு, உங்கள் திட்டம் தேறுமா தேறாதா என்று ஒரு அதிகாரியின் கருத்தைக் கொடுக்கும். அது கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மறுப்பு உறுதி என்றால் அங்கேயே தெரிந்துவிடும், வேறு இடம் பார்க்கலாம்.

அடுத்தது சட்டப்பூர்வத் தன்மைச் சான்றிதழ். "என் திட்டம் ஈ வகுப்புக்குள்தான் வருகிறது, அனுமதி தேவையில்லை, அதை உறுதி செய்யுங்கள்" என்று கேட்பது. பத்தாண்டுக்கும் மேலாக டாட்டூ கடையாகவே இருந்த இடத்துக்கும் இதைக் கேட்கலாம், ஆனால் ஆதாரம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்: பழைய பில்கள், வரி ரசீதுகள், பதிவுச் சான்றிதழ், சத்தியக் கடதாசி. இது முழுக்கச் சட்டக் கேள்வி. அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கு இங்கே இடமே இல்லை. தொடங்கப்போகும் பயன்பாட்டுக்கான சான்றிதழ் என்றால் கட்டணம் முழு விண்ணப்பத்தில் பாதி.

கடைசி வழிதான் பெரும்பாலோருக்கு வரும்: பயன்பாட்டு மாற்றத்துக்கான முழு விண்ணப்பம். 2025 ஏப்ரல் நிலவரப்படி கட்டணம் 588 பவுண்டு. அதன் மேல், விண்ணப்பத்தை அனுப்பும் இணையதளமான பிளானிங் போர்ட்டலின் சேவைக் கட்டணமும் இருக்கிறது. தொகை ஆண்டுதோறும் மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முழுமையாக ஏற்கப்பட்ட நாளிலிருந்து 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் "இன்னும் நாலு வாரம் நீட்டிக்கச் சம்மதமா?" என்று அதிகாரி கேட்பது சகஜம். மறுத்தால் கோபத்தில் நிராகரித்துவிடுவாரோ என்று பயந்து எல்லோரும் சம்மதிக்கிறார்கள். நியாயமான காரணம் இருந்தால் சம்மதிப்பதில் தப்பில்லை.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்

1:1250 அளவில் இட வரைபடம், கட்டடத்தின் உள் அமைப்பு இப்போது எப்படி, இனி எப்படி என்று 1:50 அல்லது 1:100 அளவில் இரண்டு தள வரைபடங்கள், உரிமைச் சான்று, ஒரு சின்ன விளக்கக் கடிதம். நீங்கள் உரிமையாளர் இல்லை என்றால் உரிமைச் சான்றில் 'பி' வகையை நிரப்பி, கட்டட உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். 7 ஆண்டுக்கு மேல் லீஸ் மிச்சமிருக்கும் குத்தகைக்காரரும் இந்தக் கணக்கில் உரிமையாளர்தான். அவரை மறந்து, 'நானே முழு உரிமையாளர்' என்று சொல்லும் 'ஏ' வகையில் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பமே செல்லாமல் போகலாம். மறந்துபோகும் விஷயம் பெரும்பாலும் இதுதான்.

படிவத்தில் பல்லுயிர் பெருக்கம் பற்றியும் கேட்பார்கள். பழைய கடைக்குள் நாலு நாற்காலி போடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிரிப்பு வரும். இயற்கை வாழிடம் எதையும் தொடாத திட்டத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். வெற்றாக விட்டால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

விளக்கக் கடிதத்தைக் கலை, சுதந்திரம் என்று ஆரம்பிக்காதீர்கள். அதிகாரிக்கு வேண்டியது வேறு: எத்தனை பேர் வேலை செய்வார்கள், திறந்திருக்கும் நேரம், வாடிக்கையாளர் முன்பதிவு செய்து வருகிறார்களா, பாட்டு எவ்வளவு சத்தமாக இருக்கும், மாடியில் வீடு இருந்தால் அவர்களுக்கு என்ன தொல்லை, கழிவை எப்படி அகற்றுவீர்கள், முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தெருவுக்கு என்ன தெரியும். கடை எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்பதையும் சேருங்கள். காலிக் கடைகளைப் பார்த்துச் சலித்துப்போன கவுன்சிலுக்கு, விளக்கெரியும் ஒரு கடை வருகிறது என்பது நல்ல செய்தி.

கண்ணாடியைப் பற்றி இன்னும் கொஞ்சம். டாட்டூ கடைக்காரர்களுக்கு உள்ளே குத்துவது வெளியே தெரியக்கூடாது; பிளானிங் அதிகாரிக்குத் தெரு செத்துப் போகக்கூடாது. முழுக் கண்ணாடியையும் கறுப்பு வைனிலால் மூடும் திட்டம் இந்த இடத்தில் அடிபடும். வரவேற்பு மேசை, டிசைன்கள், காத்திருக்கும் சோபா முன்னால். குத்தும் இடம் தடுப்புக்குப் பின்னால். இந்த ஒரே அமைப்பில் இரண்டு பேரும் திருப்தியாவார்கள்.

எதிர்ப்பு வந்தால்

அறிவிப்பு ஒட்டப்படும், அல்லது பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போகும். கருத்துச் சொல்ல 21 நாள். எதிர்ப்புகள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வரும். படித்தால் மனம் நோகும், அதனால் எது எடுபடும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். "எங்கள் தெருவின் மரியாதை கெடும்", "டாட்டூ எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது", "ஏற்கெனவே என் டாட்டூ கடை இருக்கிறது, இன்னொன்று எதற்கு", "வீட்டு விலை குறையும்" எதுவும் பிளானிங் கணக்கில் சேராது. சத்தம், இரவு நேரம், வண்டி நிறுத்தம், கடை வரிசையில் சில்லறைக் கடைகளின் விகிதம், உள்ளூர்த் திட்டத்தின் கொள்கைகள் இவை சேரும். உள்ளூர்த் திட்டம் என்பது ஒவ்வொரு கவுன்சிலும் வெளியிடும் ஆவணம். டவுன் சென்டரின் மையக் கடை வரிசையில் கடை அல்லாத பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லும் கொள்கை அதில் இருந்தால், பக்கத்துத் தெருவில் இடம் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி இங்கே சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் இருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். தென் கரோலினாவில் தேவாலயம், பள்ளி, விளையாட்டு மைதானத்திலிருந்து 1,000 அடிக்குள் டாட்டூ கடை கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. கலிபோர்னியாவின் ஹெர்மோசா பீச் நகரம் மண்டல விதிகள் மூலம் டாட்டூ கடைகளை முழுசாகவே தடுத்து வைத்திருந்தது. 2010இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பச்சை குத்துவது பேச்சுரிமையில் அடங்கும் என்று சொல்லி அந்தத் தடையை நீக்கியது. இங்கிலாந்தில் அந்த வாதத்தோடு பிளானிங் அதிகாரியிடம் போகாதீர்கள். மனுஷன் கேட்டுக்கொண்டு, நாற்காலி எண்ணிக்கையைத் திரும்பக் கேட்பார்.

மறுத்துவிட்டால் 6 மாதத்துக்குள் மத்திய பிளானிங் ஆய்வாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மறுப்புக் காரணம் சரிசெய்யக்கூடியதாக இருந்தால் திருத்தி மறுபடியும் விண்ணப்பிப்பது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

அனுமதி இல்லாமல் திறந்துவிட்டால்? திறந்த அன்றே குற்றம் ஆகிவிடாது. கவுன்சில் அமலாக்க அறிவிப்பு கொடுத்து, அது நடைமுறைக்கு வந்த பிறகும் நீங்கள் நிறுத்தாவிட்டால்தான் குற்றம். அப்போது அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை. அறிவிப்பு வந்தால் அதில் போட்டிருக்கும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு செய்தாக வேண்டும். கடிதத்தை மேசை டிராயரில் போட்டு வைப்பவர்களைத்தான் இது கடிக்கிறது.

லீஸ்

இப்போதுதான் சொலிசிட்டரிடம் போக வேண்டும். நல்லவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் ஒருவர் டெம்ப்ளேட் தருகிறார் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

லீஸில் 'பயன்பாடு' என்று ஒரு வரி இருக்கும். அதில் "டாட்டூ ஸ்டூடியோ" என்று எழுதியிருக்க வேண்டும். "ஈ வகுப்பு" என்று மட்டும் இருந்தால், பிளானிங் அனுமதி கிடைத்தாலும் நீங்கள் லீஸை மீறியவர் ஆவீர்கள். உரிமையாளருக்கு அவசரம், உங்களுக்கு அனுமதி வரவில்லை என்றால், "பிளானிங் அனுமதி கிடைத்தால் மட்டுமே லீஸ் தொடங்கும்" என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடலாம். உரிமையாளர் இதற்கு மறுத்தால் எட்டு வார வாடகையை யார் தலையில் கட்டப் பார்க்கிறார் என்பது புரிந்துவிடும். நம்மவர் கடைதான், வாய்வார்த்தை போதும் என்று சொல்பவரிடமும் இதே பேச்சுதான்.

மேலும் சில: சிங்க் வைக்க, தடுப்பு கட்ட உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம், இடையில் விலகும் உரிமை, லீஸ் முடிந்தபின் புதுப்பிக்கும் உரிமையைத் தரும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து உங்களை விலக்குகிறார்களா என்பது. விலக்கினால் கெட்டது என்று இல்லை, ஆனால் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள்.

பெயர்ப்பலகை

சாதாரண பலகைகள் பலவற்றுக்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். அளவு, உயரம், வெளிச்சம் பற்றிய வரம்புகள் 2007ஆம் ஆண்டின் விளம்பர விதிகளில் இருக்கின்றன. பாதுகாப்புப் பகுதியில் நியான் பலகை மாட்ட ஆசைப்பட்டால் மட்டும் முதலில் கேளுங்கள்.

பதிவும் லைசன்ஸும்

லண்டனுக்கு வெளியே 1982ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி குத்துபவர், இடம் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக ஒருமுறை பதிவு செய்தால் போதும், ஆண்டுப் புதுப்பித்தல் இல்லை. சான்றிதழையும் கவுன்சிலின் துணைவிதிகளின் பிரதியையும் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

லண்டனில் கதை வேறு. பெரும்பாலான பரோக்கள் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகள்) 1991ஆம் ஆண்டின் லண்டன் உள்ளாட்சிச் சட்டப்படி 'சிறப்புச் சிகிச்சை' லைசன்ஸ் கேட்கின்றன. மசாஜ், நகம் அழகுபடுத்தல், அக்குபங்சர், காது குத்தல் எல்லாம் இதே பட்டியலில்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் பரோவுக்குப் பரோ மிகவும் வேறுபடுகிறது. ஹாரோவில் நண்பர் கட்டியதை வைத்து ஈஸ்ட் ஹாமில் பட்ஜெட் போடாதீர்கள். பிளானிங் கேள்வி லண்டனிலும் வெளியிலும் ஒன்றுதான்.

துணைவிதிகளை உள்வேலை தொடங்கும் முன்பே வாங்கிப் படியுங்கள், பிளம்பருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கை கழுவ மட்டும் என்று தனி பேசின், அதில் உடனே வரும் சுடுநீரும் குளிர்நீரும், கழுவித் துடைக்கக்கூடிய வழுவழுப்பான தரை, ஊசி ஒருமுறைக்கு மட்டும், இங்க் கப் ஒருவருக்கு ஒன்று, "புகைக்கக்கூடாது, உண்ணக்கூடாது, குடிக்கக்கூடாது" என்ற அறிவிப்பு. இவை எல்லாம் வழக்கமாக வருபவை. பழைய துணிக்கடையில் குழாயே இருக்காது. பின்பக்கக் கழிப்பறையிலிருந்து தண்ணீரை முன்பக்கம் இழுப்பதே பெரிய செலவாகிவிடும். மரத்தரை அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தவர்கள் அதன் மேல் வைனில் ஒட்ட வேண்டி வந்திருக்கிறது.

18 வயதுக்குக் கீழ் யாருக்கும் குத்தக்கூடாது. 1969ஆம் ஆண்டுச் சட்டம். அம்மா அப்பா பக்கத்தில் நின்று சம்மதம் சொன்னாலும் செல்லாது. அடையாள அட்டையைப் பார்த்து, பார்த்ததைக் குறித்து வையுங்கள்.

பயன்படுத்திய ஊசிக்கு மஞ்சள் ஷார்ப்ஸ் பெட்டி, அதை எடுத்துப்போக உரிமம் பெற்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம், எடுத்துப்போன ரசீதுகள் கோப்பில். தீ அபாய மதிப்பீடு எழுத்தில் வேண்டும். ஒருவரை வேலைக்கு வைத்தாலும் முதலாளி பொறுப்புக் காப்பீடு கட்டாயம். வணிக வரியில், இந்த ஒரு கடை மட்டும் வைத்திருப்பவருக்கு மதிப்பீடு 12,000 பவுண்டு வரை இருந்தால் முழுச் சலுகை, 15,000 வரை படிப்படியாகக் குறையும். ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

வீட்டில், வாடகை நாற்காலியில், எல்லைக்கு அப்பால்

வீட்டின் பின் அறையில் ஆரம்பிக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வீட்டுக்கும் பதிவு வேண்டும். வாரம் ஓரிருவர் என்றால் பிளானிங் பிரச்சினை எழாமலிருக்கலாம். தினமும் ஆட்கள் வந்து போனால் வீட்டின் தன்மையே மாறிவிட்டது என்று கவுன்சில் சொல்லலாம். வாடகை ஒப்பந்தம், அடமானம், வீட்டுக் காப்பீடு மூன்றும் தனித்தனியாகத் தடுக்கக்கூடும். முடி திருத்தும் கடையின் மூலையில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுப்பது முதல் வருடத்துக்கு எனக்குப் பிடித்த வழி. கடையின் முக்கியத் தொழில் முடி வெட்டுவதாகவே இருந்து, டாட்டூ சின்னப் பகுதியாக நின்றால் பயன்பாட்டு மாற்றம் இல்லை என்று வாதிடலாம். மூன்று நாற்காலி டாட்டூவுக்கு, ஒன்று முடிக்கு என்று ஆகிவிட்டால் அந்த வாதம் நிற்காது.

வேல்ஸில் 2024 நவம்பர் 29 முதல் கட்டாய லைசன்ஸ் முறை வந்துவிட்டது: குத்துபவருக்கு லைசன்ஸ், இடத்துக்கு அங்கீகாரச் சான்றிதழ், இரண்டும் பொதுவாக 3 ஆண்டுக்கு, கிருமித்தொற்றுத் தடுப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2006 முதல் தனி லைசன்ஸ் முறை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பதிவு பெற்றவர் அந்தக் காகிதத்தோடு வேல்ஸின் கார்டிஃபில் குத்த முடியாது.

ஊரிலிருந்தோ வேறு நகரத்திலிருந்தோ விருந்தினர் கலைஞர் வந்து ஒரு வாரம் குத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். அவருக்கும் உங்கள் கவுன்சிலில் பதிவோ லைசன்ஸோ இருக்க வேண்டும். உங்கள் கடையின் சான்றிதழ் அவருக்குப் போதாது. வெளிநாட்டவர் என்றால் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதும் உங்கள் பொறுப்பு. வரும் தேதியை இன்ஸ்டாகிராமில் போடும் முன்பே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.